நம்பி நிற்க ஒரு வண்டி

பூம்புகாரிலோ அதை அடுத்த மேலையூரிலோ குடியிருந்துகொண்டு, மயிலாடுதுறையில் ஒரு ஜவுளிக் கடையில் உத்தியோகம் பார்க்கும் இளைஞன் ஒருவன், கடை திறக்கும் வேளைக்கு அங்கே நிற்க வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தினால் தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, நாள்தோறும் போக இருபத்து நான்கும் வர இருபத்து நான்குமாக ஏறத்தாழ 48 கிலோமீட்டர் பிரயாணம் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பேச்சுக்காகத்தான் வைத்துக்கொள்வோம் என்கிறேன். காலை ஏழரை மணிக்கு அந்தச் சாலையோரத்தில் கால் மணி நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு அப்படிப்பட்ட இளைஞர்கள் வரிசை வரிசையாகக் கடந்து செல்வது பிரத்தியட்சமாகத் தெரியும். நல்ல நிலையில் உள்ள வண்டி லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கொடுத்தாலும், நாளொன்றுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் தீர்ந்துபோகிறது. பெட்ரோல் விலையோ இப்போது நூறு ரூபாயைக் கடந்து நிற்கிறது. மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலை என்றால் எரிபொருளுக்கு மட்டும் 2,500 ரூபாய். அதற்கு மேல் ஆயில், டயர், இன்ஷூரன்ஸ், தவணைக்கு வட்டி. கடைச் சிப்பந்தியின் சம்பளத்தில் இது எத்தனையில் ஒரு பங்கு என்பதை அந்த வீட்டுத் தாயார்கள் நன்றாக அறிவார்கள்.

ரூபாய்க் கணக்கு கண்ணுக்குத் தெரிகிறது. புகையின் கணக்கு தெரிவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவுதான். ஆனால் அது எரியும்போது அதிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடுவதால், ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயுவாக ஆகாயத்தில் கலக்கிறது. அப்படியானால் நம் இளைஞன் ஒரு மாதத்தில் வெளியிடுவது 57 கிலோவுக்குச் சற்று மேல். தஞ்சைச் சீமையில் நெல் மூட்டை என்றால் அறுபது கிலோ. ஆகவே மாதம் ஒரு மூட்டை நெல்லின் எடைக்கு ஏறக்குறைய நிகரான வாயுவை, வருஷத்துக்குப் பன்னிரண்டு மூட்டையை, அதாவது ஒரு மா நிலத்தில் நல்ல போகம் விளைந்தால் களத்துமேட்டில் குவியும் நெல்லின் எடையை, அவன் ஒருவனே தன் வண்டியின் குழாய் வழியே காற்றில் விட்டுவிடுகிறான். அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. வேறு வழி இருந்திருந்தால் அந்தத் தவணையை அவன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்க மாட்டான் என்பதே என் அபிப்பிராயம்.

வேறு வழி எது என்றால், நமக்கு எப்போதும் தெரிந்த வழிதான். பஸ் ஒன்று லிட்டர் டீசலுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறது என்று கொண்டால், அதே 48 கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் செலவாகி, ஏறத்தாழ 27 கிலோ கரியமில வாயு வெளிப்படும். அதில் ஐம்பது பேர் ஏறியிருந்தால் ஆளுக்கு அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். மோட்டார் சைக்கிளில் போவதில் கால் பங்குகூட ஆகாது. ஆனால் இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதே பஸ்ஸில் ஐந்து பேர் மட்டும் உட்கார்ந்திருந்தால் ஆளுக்கு ஐந்தரைக் கிலோ வருகிறது; தனித்தனியே மோட்டார் சைக்கிளில் போயிருந்தால் ஆனதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பஸ் என்பதனாலேயே ஒரு வாகனம் புண்ணியம் தேடிக்கொள்வதில்லை. ஜனங்கள் அதில் ஏறுவதனால்தான் அதற்கு அந்தப் பெருமை சித்திக்கிறது. எனவே பஸ் இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், ஜனங்கள் அதை நம்பி நிற்கிறார்களா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

2021 மே மாதத்தில் தமிழக அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் எல்லோரும் கட்டணமின்றிச் செல்லலாம் என்று உத்தரவிட்டது, நம் காலத்தில் பிரயாணம் சம்பந்தமாக நடந்த காரியங்களுள் மிகப் பெரியது என்று நான் கருதுகிறேன். ஒரு பெண்ணுக்கு இதனால் மாதந்தோறும் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு தெரிவித்தது. கீரைக் கட்டு விற்பவளுக்கும், வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கும், ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளுக்கும் அந்த 888 ரூபாய் என்ன அர்த்தம் தரும் என்பதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. இருந்தும், குறுவை நடவு சமயத்தில் அதிகாலையில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் போனால், பத்துப் பன்னிரண்டு பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடு ஒரு லோடு ஆட்டோவின் பின்புறத்தில் ஒருவரோடொருவர் இடித்துக்கொண்டு நின்று போவதைக் காணலாம். சரக்கு ஏற்றுவதற்கென்று செய்யப்பட்ட அந்த வண்டிக்குக் கூலியிலிருந்து பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். காசில்லாத பஸ் இருக்க, காசு கொடுத்து ஏன் இந்த அபாயத்தில் ஏற வேண்டும் என்று ஒரு மூதாட்டியைக் கேட்டேன். “காசு இல்லாத பஸ்ஸு நல்ல பஸ்ஸுதாங்கய்யா. ஆனா எட்டு மணிக்கு வயல்ல எறங்கணும்னா, ஏழு மணிக்கு பஸ்ஸு வரும்னு தெரியணுமில்ல? தெரியாத பஸ்ஸுக்கு நின்னா அன்னிக்குக் கூலி போச்சு” என்றார்.

அவர் சொன்ன அந்த வார்த்தையில் இந்தப் பிரச்சினையின் மூலம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பத்து நாளில் ஒன்பது நாள் பஸ் சரியாக வந்தாலும், வராமற்போகும் அந்தப் பத்தாவது நாளுக்காகவே ஒரு குடும்பம் மோட்டார் சைக்கிள் வாங்குகிறது. வாங்கிய பிறகு, வாசலில் நிற்கும் வண்டிக்குத் தவணை கட்டிக்கொண்டே, பஸ் வருகிற ஒன்பது நாளும் பஸ்ஸில் போவது மனித சுபாவத்துக்கு ஒத்ததல்ல. பத்து நாளும் வண்டியிலேயே போகிறார்கள். அவ்வாறே இரவின் கடைசி பஸ். எட்டரை மணிக்குக் கடை சாத்தும் ஊரில் எட்டு மணிக்குக் கடைசி பஸ் புறப்பட்டுவிடுமானால், அந்தக் கடையில் வேலை செய்கிறவனுக்குக் காலையில் ஓடும் பத்து பஸ்களாலும் பிரயோஜனம் இல்லை. ஏனெனில் திரும்பிவர வழியில்லாத இடத்துக்கு யாரும் பஸ்ஸில் போவதில்லை. பஸ்களின் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக் காட்டிச் சந்தோஷப்படும் அதிகாரிகளும், பஸ் காலியாக ஓடுகிறது என்று காரணம் காட்டி நடையைக் குறைக்கும் அதிகாரிகளும் இந்த ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். நடை குறைந்தால் நம்பிக்கை குறைகிறது. நம்பிக்கை குறைந்தால் ஆள் குறைகிறது. ஆள் குறைந்ததைக் காட்டி மறுபடியும் நடை குறைகிறது. இந்தச் சுழலை அறுப்பதற்குத் தொடக்கத்தில் சில காலம் நஷ்டத்தைச் சகித்துக்கொள்வதைத் தவிர வேறு உபாயம் எனக்குத் தெரியவில்லை.

பொதுப் பிரயாணத்துக்காக நஷ்டத்தைச் சகித்துக்கொள்வது தஞ்சைச் சீமைக்குப் புதிதும் அல்ல. ஆங்கிலேயர் காலத்திலேயே, தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தின் மீது தனி வரி விதித்துப் பணம் சேர்த்து, இன்று மயிலாடுதுறை எனப்படும் மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரையில் ஒரு ரயில்பாதை அமைத்து 1894-ல் ஓடவிட்டது. பிற்பாடு அது பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நீண்டது. அந்த நாளில் மிராசுதார்கள் மீது எத்தனையோ குறைகள் சொல்லலாம்; சொல்லவும் வேண்டும். ஆனாலும் ஒரு ஜில்லா தன் சொந்தப் பணத்தைப் போட்டு, தன் ஜனங்கள் போய்வரத் தனக்கென்று ஒரு ரயில்பாதை போட்டுக்கொண்டது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், இன்று டெல்லியை நோக்கி மனு எழுதிவிட்டுக் காத்திருக்கும் நம்மைப் பற்றி நான் வெட்கப்படுகிறேன்.

பூம்புகாருக்குத் தெற்கே இன்னொரு பாதையும் ஓடியது. 1926-ல் மாயவரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே திறக்கப்பட்ட அந்தச் சிறிய மீட்டர் கேஜ் பாதை, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று சீமையின் நெற்றியில் பொட்டு வைத்தாற்போல் ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு கடலைச் சென்று அடைந்தது. அறுபது வருஷம் அது ஓடிற்று. பள்ளிப் பிள்ளைகளையும், மீன் கூடைகளையும், கோர்ட்டுக்குப் போகிறவர்களையும், கல்யாணத்துக்குப் போகிறவர்களையும் சுமந்தது. 1986-ல் அது நிறுத்தப்பட்டது. சாலையில் பஸ்கள் பெருகிவிட்டன, ரயிலுக்கு வருமானம் இல்லை என்பதே இத்தகைய கிளைப்பாதைகள் எல்லாவற்றுக்கும் அந்நாளில் சொல்லப்பட்ட நியாயம். இப்போது திருக்கடையூரில் போய் நின்று பாருங்கள். அறுபது நிறைந்தவர்களும் எண்பது நிறைந்தவர்களும் சஷ்டியப்தபூர்த்தியும் சதாபிஷேகமும் செய்துகொள்வதற்காக மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகளோடு தமிழ்நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் நாள் தவறாமல் அந்த ஊருக்கு வருகிறார்கள். மயிலாடுதுறை வரையில் ரயிலில் வருகிறவர்களும் அங்கிருந்து வேனும் காரும் அமர்த்திக்கொண்டுதான் அபிராமி சந்நிதிக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது. முகூர்த்த நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நிற்கும் வாகனங்களைப் பார்த்தால், வருமானம் இல்லை என்று மூடப்பட்ட ரயிலுக்கு இன்று வருமானம் இராது என்று எவருக்கும் சொல்ல மனம் வராது.

மூடிய பாதை மூடியதுதான் என்று எண்ணவும் காரணம் இல்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளிக்குச் செல்லும் 37 கிலோமீட்டர் பாதை பல வருஷம் உறங்கிக் கிடந்தபின், அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் மறுபடியும் திறக்கப்பட்டது. நாகூரிலிருந்து போட்ட புதிய பாதையில் காரைக்காலுக்கு 2011-ல் ரயில் திரும்பி வந்தது. 1987-ல் நிறுத்தப்பட்ட பேரளம் – காரைக்கால் பாதையும் புதிதாகப் போடப்பட்டு, 2025-ல் சோதனை ஓட்டத்தைக் கண்டது. சுற்றியுள்ள கிளைகள் ஒவ்வொன்றாகத் துளிர்க்கும்போது தரங்கம்பாடிக் கிளை மட்டும் பட்டுப்போய் நிற்பானேன்?

ஆனால் தண்டவாளம் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பதும் பிசகு. திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடையே 149 கிலோமீட்டர் தொலைவுக்கு அகலப்பாதை போட்டு 2019-ல் ரயில் விட்டார்கள். வழியெல்லாம் லெவல் கிராசிங்குகள். அவற்றில் கேட் கீப்பர்கள் இல்லை. ஆகவே ரயிலிலேயே ஊழியர்கள் ஏறி வந்து, ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் ரயில் நிற்க, இறங்கி கேட்டைச் சாத்தி, ரயில் கடந்தபின் மறுபடி நிறுத்தி, கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு வழிப் பயணம் ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. பின்னால் கேட் கீப்பர்கள் நியமிக்கப்பட்டு நேரம் குறைந்ததென்றாலும், ஒரு தடவை ஆறு மணி நேரம் உட்கார்ந்து போனவர் மறுபடி ஸ்டேஷன் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா? எத்தனையோ கோடி கொட்டிப் பாதை போட்டபின், கேட் சாத்த ஆள் இல்லாமல் ஜனங்களின் நம்பிக்கையை இழப்பது, வேலி நிலத்தை உழுது நட்டுவிட்டுக் கடைமடையில் மதகு திறக்க ஆள் வைக்காமல் இருப்பதைப் போன்றது.

ரயிலும் பெரிய பஸ்ஸும் போக முடியாத தெருக்களுக்கு மினிபஸ். 1997-ல் தொடங்கிப் பல கிராமங்களை முதன்முதலில் ஊரோடு இணைத்த அந்தத் திட்டம், நாளடைவில் நலிந்துபோய், இப்போது புது உருவத்தில் 2025 ஜூன் மாதம் தஞ்சாவூரிலேயே தொடங்கி வைக்கப்பட்டிருக்கிறது. நல்ல காரியம். அந்தச் சிறிய வண்டி மெயின் ரோட்டில் வந்து சேரும் நேரமும், மெயின் ரோட்டில் பெரிய பஸ் புறப்படும் நேரமும், மயிலாடுதுறை ஜங்ஷனில் ரயில் வரும் நேரமும் ஒன்றுக்கொன்று இசைந்திருந்தால் மூன்றும் ஒரே வண்டியாகிவிடும். ஒன்று வந்து சேருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் மற்றொன்று புறப்பட்டுப் போகுமானால் மூன்றும் சேர்ந்தும் ஒரு வண்டிக்கு ஈடாகாது. இந்த நேரங்களை இசைய வைப்பதற்கு எந்தப் பணச் செலவும் இல்லை. மூன்று காரியாலயத்தார் ஒரு மேஜையைச் சுற்றி ஒரு நாள் உட்கார்ந்தால் போதும்.

பிரயாணத்தின் செலவைக் குறைப்பதற்கு எல்லாவற்றிலும் சிறந்த மார்க்கம் அந்தப் பிரயாணமே அவசியப்படாமல் செய்வது. இதற்குப் பூம்புகார் வாசிகளைவிடச் சாட்சி வேறு வேண்டாம். 1991 அக்டோபருக்கு முன்னால் கலெக்டர் ஆபீசில் ஒரு காரியம் என்றால் தஞ்சாவூருக்குப் போக வேண்டும். தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். நாகப்பட்டினம் தனி ஜில்லாவான பிறகு, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலைக் கடந்து அறுபது கிலோமீட்டர் அளவில் தெற்கே போக வேண்டியிருந்தது. 2020 டிசம்பர் 28-ஆம் தேதி மயிலாடுதுறை ஜில்லா உதயமானபின், இருபத்து நான்கு கிலோமீட்டரில் கலெக்டர் ஆபீஸ். எந்தப் புதிய இயந்திரமும் எந்த உயர்ந்த எரிபொருளும் சாதிக்காத சிக்கனத்தை, காரியாலயத்தை ஜனங்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்த அந்த ஓர் உத்தரவு சாதித்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போதிய வாத்தியார்கள் இருந்தால் பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்கு வேன் ஓடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரும் மருந்தும் தவறாமல் இருந்தால், சர்க்கரை வியாதி மாத்திரைக்காகக் கிழவர்கள் பட்டணம் போக மாட்டார்கள்.

பழைய புகார் நகரமே இந்தத் தத்துவத்தின் மேல் எழுந்ததுதான். கடலோரத்தில் மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் இடையில் மரநிழலில் நாளங்காடி என்று சிலப்பதிகாரம் காட்டும் அந்த அமைப்பில், செய்கிறவனும் விற்கிறவனும் வாங்குகிறவனும் கால்நடையாகவே ஒருவரையொருவர் சந்தித்துவிடுகிறார்கள். மதுரை முப்பது காதம் என்று கோவலன் கண்ணகிக்குச் சொல்லும் தொலைவு வாழ்க்கையில் ஒரு முறை நேர்ந்த விபரீதம். அன்றாட வாழ்க்கை கூப்பிடு தூரத்தில் இருந்தது. இன்றோ அன்றாடமே காதக் கணக்கில் ஆகிவிட்டது.

அந்தக் கூப்பிடு தூரத்துக்கும் பஸ் தூரத்துக்கும் நடுவே உள்ள மூன்று, நாலு, ஐந்து கிலோமீட்டருக்குச் சைக்கிளை மிஞ்சிய வாகனம் உலகத்தில் இன்னும் தோன்றவில்லை. ஏற்றம் இறக்கம் இல்லாத காவிரிச் சமவெளியைப்போல் சைக்கிளுக்குத் தோதான பூமி இந்தியாவில் அரிது. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டிய சைக்கிள் கடைகள் எங்கள் ஊர் முக்குகளில் இருந்தன; நான் அரைப்பெடல் போட்டுக் கற்றுக்கொண்டதும் அப்படி ஒரு வாடகை வண்டியில்தான். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம், கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு, எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. குவாரிகளிலும் வயல்களிலும் வேலை செய்த பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். யாரையும் எதிர்பாராமல் தாங்களே போய்வரும் சுதந்திரத்தை அடைந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் தம் நூலில் அதை எழுதி உலகறியச் செய்தார். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பின்னர் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் விரிந்த இலவச சைக்கிள் திட்டத்தினால் எத்தனையோ வீடுகளுக்குச் சைக்கிள் வந்து சேர்ந்தது.

சைக்கிள் இருக்கிறது, ஓட்டுவதற்கு இடம்தான் இல்லை. அகலப்படுத்தப்பட்ட சாலைகளில் மணல் லாரிக்கும் சுற்றுலா பஸ்ஸுக்கும் நடுவே ஒரு பதினாறு வயதுப் பெண்ணை அனுப்பத் தாயாருக்கு நெஞ்சு துணியாது. கல்லணையிலிருந்து காவேரிப்பூம்பட்டினம் வரைக்கும் காவிரியோடு கூடவே வரும் மாநில நெடுஞ்சாலை ஒன்று உண்டு. அதன் ஓரத்திலும், ஆற்றங்கரைகளிலும், பெரிய வாய்க்கால்களின் கரைகளிலும் ஆறடி அகலத்துக்குச் செம்மண் இட்டுக் கெட்டித்து, புங்கும் நாவலும் இலுப்பையும் நட்டால், லாரிக்குத் தூரமாக, வெயிலுக்கும் மறைவாக ஊருக்கு ஊர் சைக்கிளில் போகலாம். ஹாலந்து தேசமும் நம்மைப்போல் ஆற்று முகத்துவாரத்தில், வாய்க்கால்களின் நடுவே, மட்டமான பூமியில் இருக்கும் நாடுதான். நாகப்பட்டினத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கோட்டை கட்டி வாழ்ந்துபோன டச்சுக்காரர்களின் தேசம் அது. 1973-ல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அங்கே தடை போட்டார்கள். அதே காலத்தில் சாலை விபத்துகளில் குழந்தைகள் மடிவதைப் பொறுக்க மாட்டாமல் பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். அதன் பிறகு சாலைகளை மாற்றி அமைத்தார்கள். இன்று அங்கே மக்கள் வெளியே கிளம்பும் தடவைகளில் கால் பங்குக்கு மேல் சைக்கிளில் நடக்கிறது. அவர்கள் நம்மைவிடப் பணக்காரர்கள். கார் வாங்க முடியாமல் சைக்கிளில் போகிறவர்கள் அல்லர் என்பதை, சைக்கிளை ஏழ்மையின் அடையாளமாகக் கருதும் நம் இளைஞர்கள் யோசிக்க வேண்டும்.

மின்சார ஸ்கூட்டர் வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. அது நல்ல சாதனம்; 48 கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட் அளவு மின்சாரம் போதும், செலவு பெட்ரோலில் பத்தில் ஒரு பங்குதான் வரும். ஆயினும் இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருவதால், புகை பாதியளவே குறைகிறது. லட்ச ரூபாயை ஒட்டி விலை போகும் வண்டியை நடவுப் பெண்மணி வாங்கப் போவதும் இல்லை. சென்னையில் 2025-ல் மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. அவற்றில் சில டெல்டாவுக்கும் வருமானால், ஐம்பது பேர் ஏறும் அந்த ஒரு வண்டி ஐம்பது ஸ்கூட்டர்களைவிட எனக்கு உவப்பானது.

இந்தச் சீமை எண்ணெயின் விலையை இரண்டு முறை கொடுக்கிறது. நரிமணத்திலும் குத்தாலத்திலும் கமலாபுரத்திலும் நெல் வயல்களுக்கு நடுவேதான் எண்ணெய்க் கிணறுகள் நிற்கின்றன. 2017 ஜூன் 30-ஆம் தேதி கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியபோது அந்த ஊரார் பட்ட வேதனையைத் தமிழ்நாடு முழுவதும் அறியும். அதன் பின்னரே, இன்னும் பல போராட்டங்களுக்கும் பிறகு, 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. வயலைக் காக்க வீதிக்கு வந்த அந்த ஜனங்கள்தாம் எண்ணெயின் தேவையைக் குறைக்கும் பஸ்ஸையும் ரயிலையும் கேட்கும் முழு அதிகாரமும் படைத்தவர்கள். மறுபுறம், உலகம் சூடாகச் சூடாகக் கடல் உயர்கிறது. கடைமடை நிலத்தடி நீரில் உப்பு ஏறுவது எங்கள் விவசாயிகள் கைப்பம்பில் அடித்துக் குடித்தே அறிந்த சங்கதி. கடல் ஒரு நகரத்தைக் கொண்டுபோன கதையை மணிமேகலை காலத்திலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் நாங்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் அதன் வலிமையைக் கண்ணாலும் கண்டவர்கள். ஒரு மூட்டை நெல்லின் எடைக்குப் புகை என்று மேலே எழுதியது எங்களுக்கு வெறும் கணக்கன்று.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் இன்ன இன்ன நேரத்துக்கு வண்டி வரும் என்று எழுதிய பலகை ஒன்று. அந்த நேரத்துக்கு வண்டி வராவிட்டால் பதில் சொல்லப் பொறுப்பாளர் ஒருவர். கடைகள் சாத்திய பிறகு புறப்படும் கடைசி பஸ் ஒன்று. நடவு, அறுவடைக் காலங்களில் விடியற்காலை நடை ஒன்று. தரங்கம்பாடிக்கு மீண்டும் ரயில். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அங்கே தெருவிளக்கும் குடிநீரும் பேசி முடித்துக் கலைந்துவிடாமல், உங்கள் ஊர் நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் வர வேண்டும் என்பதை மணி, நிமிஷத்தோடு தீர்மானமாக எழுதுங்கள். லோடு ஆட்டோவில் போகும் பெண்களை முன்வரிசையில் உட்காரவைத்து அவர்கள் சொல்லும் நேரத்தையே எழுதுங்கள். எல்லோரும் கையெழுத்திட்டு, போக்குவரத்துக் கழகத்துக்கும் கலெக்டருக்கும் எம்.பி.க்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பிவிட்டு, அடுத்த கிராம சபையில் அதற்கு என்ன பதில் வந்தது என்று கேளுங்கள்.